சாவி போன சர்வர்: துவாஸ் நிறுவனம் ஒன்றில் டூல்ஷெல் தாக்குதல்

பேட்ச் (மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் சர்வர் பராமரிக்கும் எல்லோரிடமும் ஊறிப்போன ஒன்று. பெரும்பாலான நேரங்களில் அது சரிதான். மைக்ரோசாஃப்ட்டின் கோப்புப் பகிர்வு மென்பொருளான ஷேர்பாயின்ட் ஓடும் சர்வர்களை 2025 ஜூலையில் தாக்கிய டூல்ஷெல் விஷயத்தில் மட்டும் அது போதவில்லை. முதல் தடவை உள்ளே வந்தபோதே தாக்கியவர் சர்வரின் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சாவியை மாற்றாதவரை, எத்தனை பேட்ச் போட்டாலும் அவருக்கு வழி திறந்தே இருந்தது.

சிங்கப்பூரின் துவாஸில் உள்ள ஒரு பொறியியல் பராமரிப்பு நிறுவனத்தில் இது எப்படி நடந்தது, என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். உதவிக்கு அழைக்கப்பட்ட வெளிக்குழுவில் நானும் ஒருவன். நிறுவனத்தின் சம்மதம் இருக்கிறது. அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

நிறுவனமும் அதன் சர்வரும்

ஜூரோங் தீவில் உள்ள ஆலைகளுக்குப் பராமரிப்பு வேலை செய்வது இவர்களின் தொழில். குழாய், வால்வு, வெல்டிங், சாரம் கட்டுதல் என்று வேலை. தொழிலாளர்களில் பாதிக்கு மேல் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர்கள். மற்றவர்கள் பெரும்பாலும் பங்ளாதேஷ்காரர்கள்.

ஷேர்பாயின்ட் 2019ஐச் சொந்த சர்வரில் வைத்திருந்தார்கள். இணையப் பயனர்களை எதிர்கொள்ளும் முகப்பு சர்வர்கள் இரண்டு, அப்ளிகேஷன் சர்வர் ஒன்று, எஸ்க்யூஎல் சர்வர் ஒன்று. மேகச் சேவைக்கு (கிளவுட்) ஏன் போகவில்லை என்று கேட்டால் காரணம் உண்டு. ஆலையின் வரைபடங்கள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள இயந்திரங்களில்தான் இருக்க வேண்டும் என்று சில வாடிக்கையாளர்களின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. "இந்தக் காலத்தில் யாராவது சொந்த சர்வர் வைத்திருப்பார்களா" என்று கேட்பவர்கள் இந்த மாதிரி ஒப்பந்தங்களைப் படித்துப் பார்க்க வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஜோகூரிலும் பத்தாமிலும் இருக்கும் துணை ஒப்பந்தக்காரர்கள் கோப்புகளை ஏற்றுவதற்காக, முகப்பு சர்வர்களில் இணையப் பக்கங்கள் வந்துபோகும் வாசலான 443 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைத்திருந்தார்கள். முன்பு விபிஎன் (அனுமதி உள்ளவர்கள் மட்டும் வரும் பாதுகாப்பான தனி இணைப்பு) வைத்துப் பார்த்து, அது ஓயாமல் அறுந்துபோகிறது என்று புகார் வந்ததால் எடுத்துவிட்டார்கள். அதே சர்வர்களில்தான் மனிதவளப் பிரிவின் கோப்புறையும் இருந்தது. தொழிலாளர்களின் பாஸ்போர்ட் நகல், ஒர்க் பெர்மிட் விவரம், சம்பளப் பட்டியல் எல்லாம் அதில்.

வெளியே நடந்துகொண்டிருந்தது

2025 மே மாதம் பெர்லினில் நடந்த பவுன்2ஓன் என்ற ஹேக்கிங் போட்டியில் வியட்நாமின் வியட்டெல் சைபர் செக்யூரிட்டி நிறுவன ஆய்வாளர் ஒருவர் இரண்டு ஓட்டைகளைக் கோத்து ஷேர்பாயின்ட்டுக்குள் கடவுச்சொல் இல்லாமலே நுழைந்து காட்டினார். பரிசு 1 லட்சம் அமெரிக்க டாலர். டூல்ஷெல் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். மைக்ரோசாஃப்ட் ஜூலை 8 அன்று வெளியிட்ட மாதாந்திரப் பேட்ச்சில் அந்த இரண்டையும் (ஓட்டைகளுக்கான பொது அடையாள எண்படி சிவிஇ-2025-49704, சிவிஇ-2025-49706) அடைத்தது.

அடைப்பு முழுமையாக இல்லை. அதைச் சுற்றி வரும் புது வழி ஒன்றைத் தாக்குபவர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கு சிவிஇ-2025-53770 என்று எண் கொடுக்கப்பட்டது. தீவிர மதிப்பெண் 10க்கு 9.8. கூடவே 53771 என்று இன்னொன்று. பழைய அடைப்பு முகவரியின் கடைசிப் பகுதியைத்தான் சோதித்தது. கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்தாலே சோதனை ஏமாந்தது என்று பின்னால் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒரே ஒரு எழுத்து. நெதர்லாந்தின் ஐ செக்யூரிட்டி நிறுவனம்தான் தாக்குதலை முதலில் கவனித்து ஊருக்குச் சொன்னது. அவர்கள் பார்த்த முதல் அலை சிங்கப்பூர் நேரப்படி ஜூலை 19 சனிக்கிழமை அதிகாலை 2 மணி வாக்கில்; இரண்டாவது அலை அன்று பிற்பகல் 3.30 வாக்கில்.

அந்த வார இறுதியில் சிங்கப்பூரில் இன்னொரு செய்தியும் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை இரவு இணையப் பாதுகாப்பு அமைப்பின் பத்தாண்டு நிறைவு விருந்தில், யுஎன்சி3886 என்ற குழு சிங்கப்பூரின் முக்கியக் கட்டமைப்புகளைத் தாக்கிவருவதாக அமைச்சர் கா. சண்முகம் சொல்லியிருந்தார். அதனால் பிறகு நாங்கள் பேசிய மேலாளர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "பேப்பர்ல வந்துச்சே, அந்த ஆளுங்களா இது?" என்பதுதான். இரண்டையும் இணைக்கும் எதையும் நாங்கள் பார்க்கவில்லை. ஷேர்பாயின்ட் தாக்குதலில் மைக்ரோசாஃப்ட் ஜூலை 22 அன்று பெயர் சொன்னது லினன் டைஃபூன், வயலட் டைஃபூன், ஸ்டார்ம்-2603 என்ற மூன்று குழுக்களை. எங்களிடம் வந்தது யார் என்று கண்டுபிடிப்பதில் நாங்கள் நேரம் செலவிடவே இல்லை. முதல் 48 மணி நேரத்தில் அந்தக் கேள்விக்கான பதில் எந்த முடிவையும் மாற்றாது.

ஞாயிறு காலை

மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கை சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தபோது ஞாயிறு. அந்த நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தார்.

"அண்ணே, ஜூலை பேட்ச் போன வாரமே போட்டாச்சு. நமக்கு இது வராதுல்ல?"

"அது வேற ஓட்டைக்குப்பா. இது அதைச் சுத்தி வர்றது. இதுக்கு இன்னும் பேட்ச்சே வரல. முதல்ல 443ஐ மூடுங்க."

அவர் தயங்கினார். ஐடி மேலாளர் விடுமுறையில் விமானத்தில் இருந்தார். திங்கள் காலை 7 மணிக்கு ஆலைக்குள் போகும் குழுக்களுக்கு வேண்டிய பெர்மிட் படிவங்கள் அந்த சர்வரில்தான் இருந்தன. ஹாட் ஒர்க் (தீப்பொறி பறக்கும் வேலை), கன்ஃபைன்ட் ஸ்பேஸ் (மூடிய குறுகலான இடத்து வேலை) என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெர்மிட். அது இல்லாமல் ஆலைக்குள் ஒரு வெல்டிங் பொறி பறக்க முடியாது. "நான் மூடி, நாளைக்கு வேலை நின்னுச்சுன்னா என்னைத்தானேண்ணே கேப்பாங்க?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. சம்பவ நடவடிக்கைத் திட்டம் என்று ஒரு கோப்பு அந்த நிறுவனத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்வரை இணையத்திலிருந்து துண்டிக்க யாருக்கு அதிகாரம் என்று மட்டும் அதில் இல்லை. இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எல்லோருடைய கடமையும் விளக்கமாக எழுதப்பட்டிருக்கும். நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற அந்த ஒரு வரி விடுபட்டிருக்கும். அந்த வரி இல்லாததால் போகும் ஒவ்வொரு மணி நேரமும் தாக்குபவருக்குத்தான் லாபம்.

நாங்கள் செயல்பாட்டு இயக்குநரைத் தொலைபேசியில் பிடித்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: நாளைக் காலை பெர்மிட்டுக்கு என்ன வழி? வெள்ளி இரவு எடுத்த பேக்கப் வேறொரு தனி இயந்திரத்தில் இருந்தது. அதிலிருந்து படிவங்களை எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம் என்று சொன்னதும் சரி என்றார். ஃபயர்வாலில் 443 மூடப்பட்டது. மனிதவளப் பிரிவின் அக்கா ஒருவரும் இரண்டு சூப்பர்வைசர்களும் அன்று மாலை அலுவலகத்துக்கு வந்து படிவங்களை அச்சடித்து, குழுவாரியாகப் பிரித்து வைத்தார்கள். திங்கட்கிழமை ஒரு வேலைகூட நிற்கவில்லை.

சர்வரை அணைக்க வேண்டாம் என்று தம்பியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அணைத்தால் நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். அது விர்ச்சுவல் இயந்திரம் என்பதால், ஓடும் நிலையிலேயே நினைவகத்தோடு சேர்த்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தோம். சர்வர் எழுதிவைக்கும் பதிவுகளான லாக் கோப்புகளையும் தனியாக நகலெடுத்த பிறகுதான் சர்வருக்குள் தேட ஆரம்பித்தோம்.

லாக்கில் கிடைத்தது

தேட வேண்டிய கோப்பின் பெயர் ஏற்கெனவே தெரியும்: ஸ்பின்ஸ்டால்0.ஏஎஸ்பிஎக்ஸ். ஷேர்பாயின்ட்டின் லேஅவுட்ஸ் கோப்புறையைத் திறந்து தேதிவாரியாக அடுக்கியதும் முதல் வரியிலேயே நின்றது. தம்பி ஒன்றும் பேசவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார்.

பிறகு விண்டோஸின் வெப் சர்வர் மென்பொருளான ஐஐஎஸ்ஸின் லாக். அதில் இரண்டு வரிகள்தான் முக்கியம். முதலாவது, டூல்பேன்.ஏஎஸ்பிஎக்ஸ் பக்கத்துக்கு ஒரு போஸ்ட் (தரவை அனுப்பும்) கோரிக்கை. பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. யாரும் லாகின் செய்யவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்டும் ரெஃபரர் இடத்தில் சைன்அவுட்.ஏஎஸ்பிஎக்ஸ். தந்திரமே அதுதான். வெளியேறும் பக்கத்துக்கு லாகின் தேவையில்லை. அங்கிருந்து வருவதாகச் சொன்னால் ஷேர்பாயின்ட் அடையாளச் சோதனையைத் தாண்டவிட்டது. இரண்டாவது வரி, சற்று நேரத்தில் அதே ஐபி முகவரியிலிருந்து ஸ்பின்ஸ்டால்0 பக்கத்துக்கு ஒரு கெட் (பக்கத்தைக் கேட்கும்) கோரிக்கை. விடை: 200. கேட்டது கிடைத்துவிட்டது என்று பொருள்.

நேரம் 07:30ஐ ஒட்டி இருந்தது. "காலையில ஏழரைக்கா?" என்று சூப்பர்வைசர் ஒருவர் கேட்டார். ஐஐஎஸ் லாக் எழுதுவது உலகப் பொது நேரத்தில். சிங்கப்பூருக்கு எட்டு மணி நேரம் கூட்ட வேண்டும். ஆகவே சனிக்கிழமை பிற்பகல் 3.30, அதாவது இரண்டாவது அலை. இதைக் கவனிக்காமல் விட்டால் ஃபயர்வால் லாக்கில் தவறான எட்டு மணி நேரத்தைத் தேடிக்கொண்டிருப்போம். ஃபயர்வால் உள்ளூர் நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது.

கோப்பு கிடைத்ததும் முடிவு மாறியது. அதுவரை உள்ளலுவலகத்துக்கு மட்டுமாவது ஷேர்பாயின்ட்டைத் திறந்து வைத்திருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். இனி அது முடியாது. ஒரு சர்வரில் காலடி வைத்தவர் அங்கிருந்து மற்ற சர்வர்களுக்குத் தாவுவதுதான் வழக்கம். நான்கு சர்வர்களையும் உள் நெட்வொர்க்கிலிருந்தும் தனிமைப்படுத்தினோம்.

அந்தக் கோப்பு என்ன செய்தது

பொதுவாக வெப் ஷெல் என்றால் தாக்கியவர் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஒரு பக்கம். இது அப்படி இல்லை. சில வரிகளே உள்ள கோப்பு. திறந்தால் சர்வரின் மெஷின் கீ மதிப்புகளை அச்சிட்டுக் காட்டும். அவ்வளவுதான். பார்க்க அற்பமாக இருக்கும். ஆபத்தே அந்த அற்பத்தில்தான் இருக்கிறது.

ஷேர்பாயின்ட் நிற்பது மைக்ரோசாஃப்ட்டின் வெப் கட்டமைப்பான ஏஎஸ்பி.நெட் மேல். ஏஎஸ்பி.நெட் பக்கங்கள் தங்கள் நிலையை வியூஸ்டேட் என்ற மறைவான புலத்தில் எழுதி, பயனரின் உலாவிக்கு அனுப்பித் திரும்ப வாங்கும். வழியில் யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக மெஷின் கீயால் அதில் முத்திரை வைக்கும். திரும்பி வரும்போது முத்திரை சரியாக இருந்தால், உள்ளே இருப்பதை நம்பிப் பிரிக்கும். மெஷின் கீ தாக்குபவர் கைக்குப் போய்விட்டால் அவரே முத்திரை போட்டு எதையும் அனுப்பலாம். சர்வர் அதை நம்பிப் பிரிக்கும்போது அவர் எழுதிய கட்டளை ஓடும். லாகினும் வேண்டாம், டூல்பேன் ஓட்டையும் வேண்டாம்.

திருடன் சாவியை நகலெடுத்துக்கொண்டு போன பிறகு, அவன் ஏறி வந்த ஜன்னலுக்கு மட்டும் கம்பி போட்டு என்ன பயன்? பூட்டை மாற்றியாக வேண்டும். பேட்ச் ஜன்னலுக்குப் போடும் கம்பி. சர்வரை மறுபடி தொடங்கினாலும், பேட்ச் போட்டாலும், ஸ்பின்ஸ்டால்0 கோப்பை அழித்தாலும் மெஷின் கீ அதே கீதான்.

அந்த வாரம் இணையத்தில் நான் பார்த்த ஆலோசனைகளில் பல "உடனே பேட்ச் போடுங்கள்" என்பதோடு நின்றுவிட்டன. மைக்ரோசாஃப்ட் கீயை மாற்றச் சொல்லித் தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனாலும் அது பட்டியலில் நாலாவது ஐந்தாவது வரியாக வந்ததால் கண்ணில் படாமல் போனவர்கள் நிறையப் பேர். அதை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

திங்கட்கிழமை

2019 பதிப்புக்கான பேட்ச் (கேபி5002754, மொழித் தொகுப்புக்கு கேபி5002753) திங்களன்று கையில் இருந்தது. 2016 பதிப்பு வைத்திருந்தவர்கள் இன்னும் ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு தொகுப்பையும் எல்லா சர்வர்களிலும் போட்டு, கான்ஃபிகரேஷன் விஸார்டை ஓட்டினோம். விஸார்டை ஓட்டாவிட்டால் பேட்ச் பாதியில் நிற்கும். ஜூலை 8 பேட்ச்சைப் போட்டபோது இந்த நிறுவனத்தில் அதை ஓட்டியிருக்கவில்லை. ஓட்டியிருந்தாலும் 53770ஐ அது தடுத்திருக்காது. இருந்தாலும் விட்டிருக்கக் கூடாது.

பேட்ச்சுக்குப் பிறகுதான் கீ மாற்றம். வரிசை மாறினால், புதிய கீயையும் பழைய ஓட்டை வழியே திருடிவிடலாம். ஒவ்வொரு வெப் அப்ளிகேஷனுக்கும் கீயை மாற்றும் வேலையை ஓட்டி, எல்லா சர்வர்களிலும் ஐஐஎஸ்ஸை மறுதொடக்கம் செய்தோம். திரையில் வெற்றி என்று வந்தது.

அதை அப்படியே நம்பிவிடாமல் ஒவ்வொரு சர்வரிலும் அமைப்புகள் எழுதியிருக்கும் வெப்.கான்ஃபிக் கோப்பைத் திறந்து மெஷின்கீ வரியைப் பார்த்தோம். தம்பி பழைய மதிப்பை ஒரு தாளில் அச்சிட்டு வைத்திருந்தார். அதன் முதல் எட்டு எழுத்துகளைச் சத்தமாக வாசிக்க, நான் திரையைப் பார்த்தேன். முதல் முகப்பு சர்வரில் புதிய கீ. இரண்டாவதில் பழையதே. அந்த சர்வரில் ஷேர்பாயின்ட் டைமர் சர்வீஸ் நின்றுபோயிருந்தது. கீயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. எப்போது நின்றதோ தெரியாது, யாரும் கவனிக்கவில்லை. அதைத் தொடங்கி மறுபடி ஓட்டிய பிறகுதான் இரண்டும் ஒன்றாயின. திரையில் வந்த வெற்றிச் செய்தியோடு எழுந்து போயிருந்தால், திருடப்பட்ட சாவிக்குத் திறக்கும் ஒரு சர்வர் மிச்சம் இருந்திருக்கும்.

ஷேர்பாயின்ட் ஓடும் சர்வீஸ் கணக்குகளின் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். வரும் கோரிக்கைகளை வைரஸ் தடுப்பு மென்பொருளிடம் காட்டிச் சோதிக்கும் ஏஎம்எஸ்ஐ பாதுகாப்பு ஒரு வெப் அப்ளிகேஷனில் அணைக்கப்பட்டிருந்தது. பெரிய வரைபடங்களை ஏற்றும்போது மெதுவாகிறது என்று முன்பு யாரோ அணைத்திருக்கிறார்கள். திரும்பப் போட்டோம்.

எவ்வளவு போனது

கீ போனது உறுதி. அதற்கு மேல் என்ன போனது என்பதுதான் கடினமான கேள்வி. சனி பிற்பகலிலிருந்து ஞாயிறு காலை 443ஐ மூடும்வரை அந்தக் கீ வெளியே இருந்தது, சர்வரும் திறந்திருந்தது.

ஐஐஎஸ் தன் இயல்பு அமைப்பில் அனுப்பிய பைட்டுகளின் அளவைப் பதிவதில்லை. யாராவது முன்கூட்டியே அந்தப் புலத்தை இயக்கியிருக்க வேண்டும், இங்கே இயக்கவில்லை. ஆகவே ஃபயர்வாலின் பதிவுகளை எடுத்துக்கொண்டோம். அந்த இடைவெளியில் வெளியே போன தரவின் அளவு வழக்கமான வார இறுதி அளவுக்குள்ளேயே இருந்தது. பெரிய கோப்புறை எதுவும் மொத்தமாகப் போன தடம் இல்லை. ஐஐஎஸ்ஸின் டபிள்யூ3டபிள்யூபி செயலி அந்த போஸ்ட் கோரிக்கை வந்த சமயத்தில் ஒரு தடவை விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லைக் கிளப்பியிருந்தது; ஸ்பின்ஸ்டால்0 கோப்பை எழுதியது அதுதான். அதன்பிறகு அப்படி எதுவும் இல்லை. பயனர் கணக்குகள் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் புதுக் கணக்கோ, சர்வீஸ் கணக்கு வேறெங்கும் லாகின் செய்த தடயமோ கிடைக்கவில்லை.

ஆனாலும், திருடிய கீயால் முத்திரையிட்ட கோரிக்கை நினைவகத்திலேயே ஓடி முடிந்துவிட்டால் வட்டில் கோப்பு எதுவும் மிஞ்சாது. எங்கள் அறிக்கையில் அதனால் இப்படி எழுதினோம்: தொழிலாளர் கோப்புகள் அணுகப்பட்டதற்கு ஆதாரம் இல்லை, அணுகப்படவில்லை என்று உறுதி சொல்லவும் ஆதாரம் இல்லை. இரண்டாவது பாதியை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். முடியாது என்றோம்.

தொழிலாளர்களிடம் சொல்வது

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களைத் தொடும் தகவல் கசிவையும், கடும் பாதிப்பை உண்டாக்கக்கூடிய கசிவையும் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டியதுதான் என்று நிறுவனம் முடிவுக்கு வந்த பிறகு மூன்று நாள்களுக்குள் செய்ய வேண்டும். 2021 பிப்ரவரியிலிருந்து இது கட்டாயம். அந்தக் கோப்புறையில் இருந்தவர்களின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. பெயரோடு சம்பள விவரமும் சேர்ந்திருந்தது. எங்கள் வாக்கியத்தின் இரண்டாவது பாதி இருக்கும்போது தெரிவிக்காமல் இருக்க முடியாது என்று செயல்பாட்டு இயக்குநரே முடிவெடுத்தார். ஆணையத்துக்குத் தகவல் போனது. இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் அரசுக் குழுவான சிங்செர்ட்டுக்கும் தெரிவித்தோம்.

அப்புறம் தொழிலாளர்கள். ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடலாம் என்பது முதல் யோசனை. "அதுங்களுக்கு சர்வர், ஹேக்கர்னா என்ன புரியப் போகுது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். மனிதவளப் பிரிவின் அக்கா விடவில்லை. "சார், ஊருக்குப் பணம் அனுப்புறது, பெர்மிட் புதுப்பிக்கிறது எல்லாம் ஃபோன்லதான் பண்றாங்க. சொன்னா புரியும். சொல்லலைன்னாதான் புரியாது" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். பாஸ்போர்ட் நகல் அவர்களுடையது. அது யார் கையில் இருக்கலாம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை முதலில் அவர்களுக்குத்தான். நிறுவனத்துக்கு என்ன சங்கடம் என்பது அதற்குப் பிறகு.

அறிவிப்பு தமிழிலும் வங்காளத்திலும் தயாரானது. தமிழ் அறிவிப்பை நானும் அக்காவும் உட்கார்ந்து எழுதினோம். தொடக்கம் இப்படி: "நம் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் வெளியாள் ஒருவர் அனுமதி இல்லாமல் நுழைந்திருக்கிறார். உங்கள் பாஸ்போர்ட் நகலையும் சம்பள விவரத்தையும் அவர் பார்த்திருக்கலாம். பார்த்தாரா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை." சட்டப் பிரிவு கடைசி வாக்கியத்தை மாற்றச் சொல்லும் என்று நினைத்தோம். சொல்லவில்லை.

விடுதியில் மாலை வேலை முடிந்து, குளித்துவிட்டு வந்தவர்களிடம் அதை வாசித்தோம். வந்த கேள்விகள் நாங்கள் எதிர்பார்த்தவை அல்ல. "ஒர்க் பெர்மிட் கேன்சல் ஆயிருமாண்ணே?" என்பது முதல் கேள்வி. ஆகாது, இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை என்று சொன்னதும் பலர் முகம் தெளிந்தது. அடுத்து ஒருவர், "என் பேர்ல யாராவது ஆலோங்கிட்டக் கடன் வாங்கிட்டா, அவன் என்னைத்தானே தேடி வருவான்?" என்றார். ஆலோங் என்றால் சட்டவிரோதமாக வட்டிக்குக் கடன் கொடுப்பவர். ஒரு பாதுகாப்பு ஆய்வறிக்கையிலும் நான் பார்க்காத கேள்வி இது. அவரைப் பொறுத்தவரை மொத்தச் சம்பவத்தின் பொருளே அதுதான். அப்படி யாராவது வந்தால் பதில் பேசாமல் உடனே சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும், நிறுவனம் உங்களோடு காவல்துறைக்கு வரும் என்று இயக்குநர் எழுதிக்கொடுத்தார். அந்தத் தாள் விடுதிப் பலகையில் ஒட்டப்பட்டது.

"மனிதவள அமைச்சிலிருந்து பேசுகிறோம், உங்கள் பாஸ்போர்ட் எண் இதுதானே" என்று யாராவது அழைத்தால், எண் சரியாக இருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொன்னோம். சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான மின்னடையாளம்) கடவுச்சொல்லை யாருக்கும் தரக் கூடாது, சந்தேகம் வந்தால் மோசடி பற்றிக் கேட்க உதவும் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் எண்ணுக்கு அழைக்கலாம். பலர் அந்த இடத்திலேயே எண்ணைத் தங்கள் ஃபோனில் ஏற்றிக்கொண்டார்கள்.

திறந்த பிறகு

துணை ஒப்பந்தக்காரர்களின் பில்கள் தேங்கியதால் அந்த வாரக் கடைசியில் தளத்தை மறுபடி இணையத்துக்குத் திறந்தார்கள். விபிஎன் தயாராகும்வரை பொறுக்கலாம் என்பது என் கருத்து. பேட்ச்சும் கீயும் முடிந்துவிட்டதால் அவர்கள் முடிவை எதிர்க்கவும் இல்லை. லாக்கைத் தொடர்ந்து கண்காணித்தோம்.

திறந்த மறுநாள் விண்டோஸ் அப்ளிகேஷன் லாக்கில் 1316 என்ற நிகழ்வு எண் வந்தது. வியூஸ்டேட் சரிபார்ப்பு தோல்வி. இதில் அவசரப்படக் கூடாது: கீ மாறுவதற்கு முன் பக்கத்தைத் திறந்து வைத்திருந்த நம் ஊழியர்களாலும் அது வரும். முதலில் வந்தவை அப்படித்தான், அலுவலக ஐபிகள். பிறகு வந்த சில அப்படி இல்லை. எங்கள் பயனர்கள் யாரும் இல்லாத ஒரு வெளிநாட்டு ஐபியிலிருந்து, ஒரு பக்கத்தையும் முதலில் திறக்காமல், நேராக வியூஸ்டேட்டோடு போஸ்ட் கோரிக்கைகள். யாரோ பழைய சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்திருக்கிறார்கள். சர்வர் ஒவ்வொன்றையும் மறுத்திருந்தது. இரண்டாவது முகப்பு சர்வரின் லாக்கிலும் அதே ஐபியின் கோரிக்கைகள் இருந்தன. தம்பி அவற்றை அச்சிட்டு, மெஷின்கீ தாளோடு சேர்த்துக் கோப்பில் வைத்தார்.

இப்போது அந்தத் தளம் விபிஎன்னுக்குப் பின்னால் இருக்கிறது. தொழிலாளர் கோப்புறை வேறு சர்வருக்குப் போய்விட்டது; வேலையை விட்டுப் போனவர்களின் பாஸ்போர்ட் நகல்களில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவை அழிக்கப்பட்டன. மைக்ரோசாஃப்ட் 2019 பதிப்புக்கான ஆதரவை 2026 ஜூலை 14 அன்று முடிப்பதாக அறிவித்திருந்ததால், புதிய பதிப்புக்கு மாறும் வேலைக்குப் பணம் ஒதுக்கினார்கள். சம்பவத் திட்டத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: தாக்குதல் நடப்பதாகத் தெரிந்தால் பணியில் இருக்கும் சர்வர் நிர்வாகி யாரையும் கேட்காமல் இணைய இணைப்பைத் துண்டிக்கலாம், அதன் விளைவுக்கு அவர் பொறுப்பல்ல. செயல்பாட்டு இயக்குநர் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்.